அப்பத்தா வீட்டுக் கலர்க் கண்ணாடி: கூடச் சேர்க்க எந்தக் கண்ணாடி வாங்குவது?

கானாடுகாத்தான் பேத்தி:

வணக்கம். கைவேலைப் பகுதியில் இது என் முதல் பதிவு. தையலும் குரோஷாவும் ஓரளவு வரும். கண்ணாடி எனக்குப் புதிது.

கானாடுகாத்தானில் எங்கள் அப்பத்தா வீடு பங்கு பிரிந்துவிட்டது. பட்டாலை (கூடம்) ஜன்னலுக்கு மேலே விசிறி மாதிரி ஒரு கலர்க் கண்ணாடி இருந்தது. ஒன்பது இதழ். பங்கும் ஒன்பதுதான், ஆனால் யாரும் விசிறியைக் கேட்கவில்லை. சின்ன வயதில் லீவுக்குப் போகும்போது காலை வெயிலில் ஆத்தங்குடிக் கல் மேல் சிவப்பும் நீலமும் வந்து விழும். நானும் சித்தப்பா மகளும் அந்தச் சிவப்புக்குள் உள்ளங்கையை நீட்டி, மருதாணி பிடித்துவிட்டது என்று விளையாடுவோம்.

நிலையைக் கழற்றிய அன்றைக்கு விசிறி உடைந்தது. ஆசாரி துண்டுகளைச் சாக்கில் கொட்டி ஓரமாக வைத்திருந்தார். அதில் ஏழு துண்டு பொறுக்கி, பழைய வேட்டியில் சுற்றி, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் திருச்சிக்குக் கொண்டு வந்து சேர்த்தேன். சிவப்பு ஒரு இதழ் முழுசாக இருக்கிறது: நீளம் ஒன்பது இஞ்ச், அகலமான பக்கம் நாலு, குறுகிய பக்கம் ஒன்று. இன்னொரு சிவப்பு பாதி. நீலம் இரண்டு, பச்சை ஒன்று, மஞ்சள் இரண்டு, இவை எல்லாம் உள்ளங்கை அளவுக்குள்தான். சில ஓரங்களில் கண்ணாடியைப் பதித்த பட்டி (புட்டி) காய்ந்து கல்லாக ஒட்டியிருக்கிறது.

இவற்றை வைத்து சமையலறை ஜன்னலில் தொங்கவிட ஒரு மயில் செய்ய ஆசை. 12க்கு 16 இஞ்ச். துண்டுகளைச் சுற்றிச் செப்பு டேப் ஒட்டி, ஈயத்தால் இணைக்கிற முறையை வீடியோவில் பார்த்தேன்.

அவசரப்பட்டு இரண்டு தவறு செய்துவிட்டேன். ஆன்லைனில் 'ஸ்டெயின்டு கிளாஸ்' என்று போட்டிருந்த ஒரு பாக்கெட் வாங்கினேன். வந்தது பின்பக்கம் பெயின்ட் அடித்த மொசைக் சில்லு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கறுப்பாகத் தெரிகிறது. அடுத்தது, வீட்டில் ரேடியோ ரிப்பேருக்கு இருந்த 25 வாட் சால்டரிங் அயர்ன். செப்பு டேப் மேல் ஈயத்தை வைத்தால் மிளகு மிளகாக உருண்டு நிற்கிறது, ஓட மாட்டேன் என்கிறது.

கேள்விகள்: பழைய துண்டுகளோடு சேர்க்கப் புதுக் கண்ணாடி எப்படிப் பார்த்து வாங்குவது? பின்னால் இருப்பது தெரிகிற மாதிரியா, பால் மாதிரியா? உள்ளூர்க் கண்ணாடிக் கடையில் கிடைப்பது உதவுமா? பழைய கண்ணாடியை வெட்டினால் வெட்டுப்படுமா? வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை இருக்கிறான், ஈயம் பற்றிப் பயமாகவும் இருக்கிறது.

மதுரை கண்ணாடிக் கடை:

கடைக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்மா. கலை வேலை எனக்குத் தெரியாது. கண்ணாடி வெட்டுவது 22 வருடமாகத் தெரியும்.

கடைக்குப் போய் 'கலர் கண்ணாடி' என்று கேட்டால் லேக்கர்டு கிளாஸைத்தான் எடுத்துப் போடுவார்கள். கிச்சன் சுவருக்கு ஒட்டுவது. அதுவும் பின்பக்கம் பெயின்ட்தான், வெளிச்சம் தாண்டாது. அடுத்து ஃபிலிம் ஒட்டினது காட்டுவார்கள். அதுவும் வேண்டாம், அயர்ன் சூட்டில் ஃபிலிம் சுருங்கிப் போகும். 'கண்ணாடியே கலராக இருக்க வேண்டும், ஓரத்தில் பார்த்தாலும் கலர் தெரிய வேண்டும்' என்று கேளுங்கள். பிரவுன், கிரே, பச்சை, நீலம் என்று டின்டட் கிளாஸ் வரும். ஆபீஸ் ஜன்னல் கலர், மந்தமாக இருக்கும். உங்கள் சிவப்புக்குப் பக்கத்தில் அதை வைத்தால் பாவமாகத் தெரியும்.

உங்களுக்கு எங்கள் கடையில் உதவக்கூடியது ஃபிகர் கிளாஸ். பாத்ரூம் ஜன்னலுக்குப் போடுகிற பூ டிசைன், மழைத்துளி டிசைன். பெரும்பாலும் வெள்ளைதான். சதுர அடி கணக்கில் முழு விலை கொடுத்து வாங்காதீர்கள். வெட்டி மிஞ்சின துண்டு ஒரு டிரம் நிறையக் கிடக்கும், கேட்டால் சும்மாவே தருவார்கள். 3 எம்.எம்., அதிகம் போனால் 4. அதற்கு மேல் கையில் உடைக்க உங்களால் ஆகாது.

டஃபன் கிளாஸ், அதாவது சூடாக்கிக் கடினமாக்கின கண்ணாடி, அதை மட்டும் தொடவே கூடாது. பழைய ஷவர் கதவு, டீப்பாய் மேல் பலகை என்று யாராவது இலவசமாகத் தருவார்கள். கட்டர் போட்டு உடைக்கப் போனால் முழுப் பலகையும் கல்கண்டாகக் கொட்டிவிடும். மூலையில் சின்னதாக முத்திரை இருக்கிறதா பாருங்கள். போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வானத்து வெளிச்சத்தில் பார்த்தால் திட்டுத் திட்டாக நிழல் தெரியும்.

பழைய கண்ணாடி வெட்டுப்படும், ஆனால் எந்தக் கடைக்காரனும் பொறுப்பு ஏற்க மாட்டான். நானும்தான். முதலில் சாதாரண 3 எம்.எம். பிளைன் கண்ணாடியில் ஐம்பது கோடு போட்டு உடைத்துப் பழகிவிட்டு அதில் கை வையுங்கள். கோடு ஒரு தடவைதான். சரியாக விழவில்லையே என்று அதே கோட்டில் திரும்பக் கட்டரை ஓட்டினால் கண்ணாடியும் போச்சு, கட்டர் சக்கரமும் போச்சு.

மாடி அறை, கோவை:

மதுரைக்காரர் சொன்னது அத்தனையும் சரி. நான் வேறு பக்கமிருந்து வருகிறேன்.

ஓய்வு பெறும் வரை மில் மெஷின் பிட்டராக இருந்தவன். 2009-ல் பையன் வீட்டுக்குச் சிகாகோ போனபோது குளிரில் வெளியே போக வழியில்லாமல் ஆறு வாரம் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்தேன். அங்கே நகரின் நடுவில் பழைய நூலகக் கட்டிடம் ஒன்று இருக்கிறது, 1897-ல் திறந்தது. இப்போது கலாச்சார மையம். அதன் கூரையில், கலர்க் கண்ணாடிக்குப் பேர்போன டிஃபனி என்ற அமெரிக்க நிறுவனம் செய்த கண்ணாடிக் குவிமாடம், குறுக்களவு 38 அடி. 1930-களில் அதற்கு மேலே மூடி போட்டுவிட்டு, உள்ளே மின்விளக்கு வெளிச்சத்தில்தான் இத்தனை காலம் காட்டியிருக்கிறார்கள். 2008-ல் பழுது பார்த்தபோது மூடியை எடுத்து மறுபடியும் வானத்து வெளிச்சத்தை விட்டிருக்கிறார்கள். நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒரு மேகம் கடந்தது. கூரை முழுக்க ஒரு தடவை மங்கி, திரும்ப ஏறியது. கண்ணாடிக்கு நிறம் என்பது பாதிதான், மீதிப் பாதி அதன் பின்னால் இருப்பது என்று அன்றைக்கு மண்டையில் ஏறியது. ஏறியும் பயனில்லை, ஊருக்கு வந்ததும் முதல் வேலையிலேயே கோட்டை விட்டேன்.

முதல் வேலை ஒரு கிளி. அங்கிருந்து பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டு வந்த இலைப்பச்சைக் கண்ணாடி, கண்ணாடி மாதிரியே தெளிவானது. மேஜை மேல் வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தால் அத்தனை அழகு. பதினைந்து நாள் உட்கார்ந்து செய்து, மேற்குப் பக்க ஜன்னலில் மாட்டினேன். ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரம். வேப்ப மரத்தில் கிளி உட்கார்ந்தால் எப்படித் தெரியும்? அதே கதைதான். சிவப்பு மூக்கு மட்டும் அந்தரத்தில் நின்றது. வீட்டம்மா நாலு நாள் சிரித்தார்.

அதனால் உங்கள் முதல் கேள்வியை நான் திருப்பிக் கேட்கிறேன். அந்தச் சமையலறை ஜன்னல் எந்தத் திசை? அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது? வானமா, எதிர்வீட்டுச் சுவரா, மரமா? கொசுவலை உண்டா? கம்பி உண்டா? நம் ஊர் ஜன்னலில் கம்பி இல்லாமல் இருக்காது, தெளிவான கண்ணாடி வைத்தால் மயில் வயிற்றுக்குள் கம்பி தெரியும்.

தெளிவான வகையைக் கதீட்ரல் என்பார்கள். வெயில் அடித்தால் தரையில் நிறத்தைக் கொட்டுவது இதுதான். நீங்கள் கையில் மருதாணி பிடித்ததும் இதில்தான். ஆனால் பின்னால் இருக்கும் எதையும் மறைக்காது. பால் கலந்தது ஓபல். பின்பக்கம் தெரியாது, வெளிச்சத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு சீராக ஒளிரும், தரையில் அவ்வளவாக நிறம் விழாது. நடுவில் விஸ்பி என்று ஒன்று, தண்ணீரில் பால் ஊற்றினால் இழை ஓடுமே, அது மாதிரி. இது போக மேற்பரப்பு: அலை, சுத்தியல் அடித்த மாதிரி பள்ளம், உள்ளே காற்றுக் குமிழி. அலை உள்ளது தெளிவாக இருந்தாலும் பின்னால் இருப்பதைக் கலைத்துவிடும். கம்பிப் பிரச்சினைக்கு அது நல்ல தீர்வு. மேடு பள்ளம் உள்ளதை வழவழப்பான பக்கத்தில்தான் கோடு போட்டு வெட்ட வேண்டும். அதற்காக டிசைன் தாளைக் கவிழ்த்து வரைய மறந்தால் இடது பக்கம் பார்க்கும் கிளி வலது பக்கம் பார்க்கும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

வாங்கும்போது மேஜையில் வைத்துப் பார்க்காதீர்கள், படத்தை நம்பவே நம்பாதீர்கள். வாசலுக்கு எடுத்து வந்து வானத்துக்கு நேரே பிடியுங்கள், பிறகு ஒரு மரத்துக்கு நேரே, பிறகு நிழலில். மூன்று இடத்திலும் பிடித்தால் வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் துண்டுகளைக் களிமண் உருண்டையால் ஜன்னல் கண்ணாடியிலேயே ஒட்டி வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். காலை காப்பிக்கு ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, விளக்கு போட்ட பிறகு ஒரு தடவை பாருங்கள். இரண்டு நாளில் எது எதோடு சண்டை போடுகிறது என்று தெரிந்துவிடும்.

இப்போது பழைய துண்டுகள். மயிலை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். மயில் கழுத்து உள்பக்கம் வளைகிற வெட்டு, புதிதாகப் பழகுகிறவருக்கு அதுதான் எமன். அந்த வளைவுக்காக அப்பத்தா வீட்டு நீலத்தைப் பலி கொடுக்க வேண்டி வரும். டிசைனுக்குக் கண்ணாடி தேடுவதை விட, கையில் இருக்கும் துண்டுக்குத் தகுந்த டிசைன் போடுங்கள். முழு இதழ் ஒன்று இருக்கிறதே, அதை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் இரண்டிரண்டு, ஐந்து இதழ் விசிறி. எல்லாம் நேர்க்கோடு. மற்ற நாலு இதழுக்குப் பழைய துண்டு எதுவரை போதுமோ அதுவரை பழையது, மீதிக்கு வெள்ளை ஓபல். வெள்ளையா என்று முகம் சுளிக்காதீர்கள். பழைய சிவப்புக்குப் பக்கத்தில் புதுச் சிவப்பை வைத்தால் இரண்டும் கெடும். வெள்ளை ஒதுங்கி நின்று வழி விடும்.

வெட்டுவதற்கு முன் சிவப்பின் உடைந்த ஓரத்தைக் கண்ணுக்கு நேரே வைத்து, பின்னால் வெள்ளைத் தாள் பிடித்துப் பாருங்கள். நிறம் முழுக் கனத்திலும் இருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் தோல் மாதிரி இருக்கிறதா? தோலாக இருந்தால் நிறமில்லாத பக்கத்தில் கோடு போடுங்கள். பட்டியைக் காயவைத்துச் சுரண்டாதீர்கள். பழைய பட்டியிலும் பெயின்ட்டிலும் ஈயம் இருக்கலாம். நனைத்து, பிளேடால், மாஸ்க் போட்டு. பிறகு சோப்புத் தண்ணீரில் பிசுக்குப் போகக் கழுவுங்கள், அழுக்கு மேல் சக்கரம் சறுக்கும்.

கட்டரில் மண்ணெண்ணெய் இல்லாவிட்டால் தையல் மிஷின் எண்ணெய் போதும். அழுத்தம் சரியாக இருந்தால் கோடு பழந்துணி கிழிகிற மாதிரி ஒரே சீராகச் 'சர்ர்' என்று ஓடும். கோட்டில் வெள்ளைப் பொடி பறந்தால் அழுத்தம் அதிகம். போட்ட உடனே உடைத்துவிடுங்கள்.

செப்பு டேப்: 3 எம்.எம். கண்ணாடிக்கு 7/32 இஞ்ச் அகலம். கவனிக்க வேண்டியது அதன் உள்பக்க நிறம். தெளிவான கண்ணாடியில் ஓரம் வழியாக டேப்பின் உள்பக்கம் தெரியும். கடைசியில் ஈயக் கோட்டைக் கறுப்பாக்கப் போகிறீர்கள் என்றால் உள்பக்கம் கறுப்பான டேப், செப்பு நிறம் என்றால் சாதா டேப். என் கிளியின் மூக்கைச் சுற்றி இன்றைக்கும் செப்பு வளையம் மின்னுகிறது.

25 வாட் அயர்னைத் திரும்ப ரேடியோ பெட்டியிலேயே வையுங்கள். சூடு கட்டுப்படுத்தும் வசதியுள்ள 80 அல்லது 100 வாட், முனை உளி மாதிரி அகலமாக. ரேடியோவுக்கான ரோசின் பேஸ்டும் வேண்டாம், பிசுபிசு என்று ஒட்டிக்கொள்ளும். ஈயம் செப்பில் பிடித்து ஓடுவதற்குப் பூசுவதுதான் ஃப்ளக்ஸ், ஸ்டெயின்டு கிளாஸ் ஃப்ளக்ஸ் என்றே கேட்டு வாங்குங்கள். ஈயம் 60/40, அதாவது வெள்ளீயம் 60 பங்கு, காரீயம் 40. ஏறக்குறைய 190 டிகிரியில் முழுக்க உருகிச் சீக்கிரம் இறுகும், அதனால் கோடு வழவழப்பாக மேடு தட்டி நிற்கும். 50/50 இன்னும் அதிகச் சூட்டில் உருகும், மெதுவாக இறுகும், தட்டையாகப் பரவும். முனை கறுத்துப் போனால் நவச்சாரக் கட்டியில் தேய்த்து, கொஞ்சம் ஈயம் வையுங்கள், பளபளவென்று திரும்பி வரும். பித்தளைப் பாத்திரத்துக்குக் கலாய் பூசுகிறவர் தூவித் துடைப்பாரே, அதே நவச்சாரம். புகை கண்ணைக் கரிக்கும், மாடியில் வைத்துச் செய்யுங்கள்.

ஸ்கார்பரோ யன்னல்:

தங்கச்சி, கோவை ஐயா பகல் வெளிச்சத்தைப் பற்றி வடிவாய்ச் சொல்லிவிட்டார். நான் இரவைப் பற்றிச் சொல்கிறேன். ரொறன்ரோவில் டிசம்பரில் பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். முதல் வருடம் நான் செய்த கதீட்ரல் கண்ணாடித் தாமரை, வேலையால் நான் வீட்டுக்கு வரும் நேரத்தில் கறுத்த ஓட்டை மாதிரித் தொங்கும். பின்னால் வெளிச்சம் இல்லையென்றால் தெளிந்த கண்ணாடிக்கு நிறமே இல்லை. ஓபல் அப்படி இல்லை, அறை விளக்கு முன்னால் பட்டாலும் தன் நிறத்தைக் காட்டும். சமையலறை என்றபடியால் இரவில்தானே நீங்கள் கூட நேரம் அங்கே நிற்பீர்கள்? அதையும் யோசியுங்கோ.

இங்கே கடையில் அடுக்கடுக்காய்க் கண்ணாடி நிற்கும். ஒரு நாள் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டுக் கடைக்காரியிடம் கேட்டேன், ஏன் இந்த ரோஸ் நிறம் மட்டும் நீலத்தைவிட இவ்வளவு விலை என்று. அதற்குள் உண்மையான தங்கம் சேர்க்கிறார்கள். மிகச் சிறிதளவுதான், ஆனாலும் தங்கம் தங்கம்தானே. நீலத்துக்குக் கோபால்ட். நல்ல சிவப்பு, செம்மஞ்சளுக்குச் செலினியமும் கட்மியமும். அதுகளும் கொஞ்சம் விலைதான். நான் முழுத் தகடு வாங்குவதே குறைவு. வெட்டி மிஞ்சினதை நிறுத்து விற்பார்கள், அந்தப் பெட்டிக்குள் கிளறிக்கொண்டு நின்றால் எனக்கு நேரம் போவதே தெரியாது. அங்கே இணையத்தில் வெளிநாட்டுத் தகடு தேடினால், கொக்கோமோ போன்ற பழைய பெயர்களைப் பார்ப்பீர்கள். இந்தியானாவில் 1888 முதல் ஓபல் வார்க்கிறார்கள், டிஃபனிக்கும் கொடுத்தவர்கள். ஆனால் உங்களுக்குத் தேவை ஒரு சதுர அடி வெள்ளைதானே, அனுப்புகிற செலவு கண்ணாடியின் விலையைத் தாண்டிவிடும். ஊரில் வகுப்பு நடத்துகிற யாரிடமாவது மிச்சத் துண்டு கேளுங்கள், குடுக்காமல் விடமாட்டார்கள். விளம்பரத்தில் 90, 96 என்று இலக்கம் போட்டிருந்தால் குழம்பாதீர்கள். சூளையில் வைத்து உருக்கி ஒட்டுகிறவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு.

ஒரே தகட்டில் இடத்துக்கு இடம் நிறம் மாறும், அதைப் பாவிக்கத் தெரியவேண்டும். கறுத்த மட்டையில் இதழின் வடிவத்தை ஓட்டையாய் வெட்டி எடுத்துவிட்டு, அந்த ஓட்டையைத் தகட்டின்மேல் நகர்த்தி நகர்த்தி வெளிச்சத்தில் பாருங்கள். இழை எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே அடர்த்தி, எல்லாம் அந்த ஓட்டைக்குள் தெரியும். டிஃபனியின் பட்டறையில் 1892-ல் தொடங்கிய பெண்கள் பகுதிக்குக் கண்ணாடி தெரிந்தெடுப்பதும் வெட்டுவதும்தான் வேலை. கிளாரா டிரிஸ்கால் என்ற பெண்தான் தலைமை. பேர்போன அந்த மேசை விளக்குகளில் பலவற்றை வரைந்ததே அவர்தான் என்று அவருடைய கடிதங்கள் கிடைத்து இந்த நூற்றாண்டில்தான் வெளியே வந்தது. நூறு வருடம் எல்லாப் புகழும் முதலாளிக்கு. சரி, அது வேறு கதை.

பிள்ளை இருக்கிற வீடு என்பதால்: ஈயம் உருக்கும்போது வருகிற புகை ஃப்ளக்ஸின் புகை, அதற்குக் காற்றோட்டம் வேண்டும். காரீயம் உடம்புக்குள் போவது பெரும்பாலும் கையிலிருந்து வாய் வழியாய். வேலை செய்யும் மேசையில் தேத்தண்ணி வைக்கக்கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, உடுப்பு மாற்றிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத் துணியால் துடையுங்கள். கண்ணாடித் தூளும் அதில்தான் அகப்படும். தொங்கவிடுவது பிள்ளையின் கைக்கும் வாய்க்கும் எட்டாத உயரத்தில். காரீயம் இல்லாத சால்டரும் உண்டு, விலை கூட, இவ்வளவு லேசாய் ஓடாது. முதல் வேலைக்கே அதை எடுத்தால் மனம் சலித்துவிடும் என்பது என் எண்ணம். ஆனால் உங்கள் வீடு, உங்கள் பிள்ளை.

கானாடுகாத்தான் பேத்தி:

மூவருக்கும் நன்றி. மயிலுக்கு விடை கொடுத்துவிட்டேன்.

ஐயா கேட்டதற்குப் பதில்: ஜன்னல் கிழக்குப் பார்த்தது. பின்னால் எதிர்வீட்டு மொட்டைமாடியும் அதில் ஒரு கறுப்புத் தண்ணீர் டேங்க்கும். கம்பி உண்டு, கொசுவலை உண்டு. ஏழு துண்டையும் களிமண்ணால் ஒட்டி நாலு நாள் ஆகிறது. மஞ்சள் ஏமாற்றிவிட்டது. கையில் வைத்தால் மாம்பழம், டேங்க்குக்கு நேரே வந்தால் கருவாடு. நீலம் காலை ஏழரைக்கு எதிர்ச் சுவரில் வந்து விழுகிறது. பையன் அதைப் பிடிக்கப் பார்க்கிறான்.

சிவப்பின் ஓரத்தைப் பார்த்தேன். ஐயா சொன்ன தோல்தான்! வெளிறின பச்சைத் தண்ணீர் நிறக் கண்ணாடி, அதன் ஒரு பக்கம் மட்டும் குங்குமத்தால் ஊசிக் கோடு இழுத்த மாதிரி. இத்தனை வருடம் பார்த்த சிவப்பு முழுக்க அவ்வளவுதான் கனம் என்றால் நம்ப முடியவில்லை.

கடையில் டிரம்மில் கை விட்டு மழைத்துளி டிசைன் துண்டுகள் கொண்டு வந்தேன். காசு வாங்கவில்லை. பிளைன் கண்ணாடியில் முப்பது கோடு போட்டாயிற்று. பத்து சரியாக உடைந்தது.

வெள்ளை ஓபல் இன்னும் கிடைக்கவில்லை. மழைத்துளிக் கண்ணாடியையே வைத்துக்கொள்ளலாமா? பழையது 2 எம்.எம்.தான் இருக்கும் போல, இது 4. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் படிக்கட்டு மாதிரி வருகிறது.

மாடி அறை, கோவை:

டேங்க்கை அது மறைக்காது, கலைத்துவிடும். கறுப்புத் திட்டாகத் தெரியும். மஞ்சளுக்குப் பின்னால் டேங்க் வராத மாதிரி விசிறியை ஒரு சாண் மேலே ஏற்றித் தொங்கவிட்டுப் பாருங்கள், வானம் கிடைத்தாலும் கிடைக்கும். ஓபலுக்குக் காத்திருக்க முடிந்தால் காத்திருங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளிலும் ஒரு நடை பாருங்கள். உங்கள் ஊர் வீடுகளில் கழற்றியதெல்லாம் அங்கேதானே போய்ச் சேர்கிறது. உடைந்த கண்ணாடியை அவர்கள் பொருட்டாகவே மதிப்பதில்லை, விலை பேசத் தோது.

கனம் வேறுபட்டால் ஒரு முகம் மட்டும் சமமாக வரட்டும். வீட்டுக்குள் பார்க்கிற பக்கத்தைக் கீழே வைத்து, மேஜையில் படுக்கவைத்து முதலில் அங்கங்கே ஈயத்தால் பொட்டு வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். படிக்கட்டு மேல் பக்கம் போய்விடும், திருப்பினால் அது வெளியே பார்க்கும். 4 எம்.எம்.முக்கு டேப் 1/4 இஞ்ச், பழையதுக்கு 3/16. கண்ணாடியைத் தாண்டி இரண்டு பக்கமும் டேப் மடிவது ஒரே அளவாக இருந்தால்தான் ஈயக் கோடு நேராகத் தெரியும்.

தாள் டிசைனில் ஒவ்வொரு இதழுக்கும் நடுவே பென்சில் கோட்டின் கனம் அளவுக்கு வெட்டி எறிந்துவிடுங்கள், டேப்புக்கு அந்த இடம் வேண்டும். ஐந்து இதழில் இதை விட்டால் ஐந்தாவது இதழ் சட்டத்துக்கு வெளியே நிற்கும்.

கொக்கி. 3 எம்.எம். கண்ணாடியே சதுர அடிக்கு 700 கிராம் வரும், ஈயம் தனி. வெளி ஓரத்து டேப் மேல் மட்டும் வளையத்தைப் பற்ற வைத்தால் ஒரு நாள் டேப்போடு உரிந்து விழும். இதழுக்கும் இதழுக்கும் நடுவே இறங்கும் கோட்டில் வளையத்தின் வால் ஒரு இஞ்ச் ஓட வேண்டும். நூல் வேண்டாம், செம்புக் கம்பி.

கானாடுகாத்தான் பேத்தி:

ஒன்றரை மாதம் கழித்து வருகிறேன். காரைக்குடியில் சின்னதாக ஒரு பால் வெள்ளை கிடைத்தது, ஓரம் எல்லாம் சில்லு. பழைய விளக்குக் கூண்டிலிருந்து எடுத்தது என்றார்கள். வெள்ளை என்றாலும் பழுப்பு ஓடின வெள்ளை, சோறு வடித்த கஞ்சி நிறம். பழைய துண்டுகளோடு சண்டையே போடவில்லை.

பச்சையை இழந்தேன். கோடு நேராகத்தான் விழுந்தது, உடைக்கும்போது நடுவில் தானாக ஒரு பக்கம் திரும்பி ஓடிவிட்டது. அன்றைக்கு அதோடு எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டேன். அப்புறம் உடைந்த இரண்டையும் அந்தக் கோணல் கோட்டிலேயே டேப் ஒட்டிச் சேர்த்து, இரண்டாவது இதழில் வைத்தேன். என்னைத் தவிர யாரும் அதைக் கவனிக்கவில்லை. முழுச் சிவப்பை ஐயா சொன்னபடி வெட்டாமல் நடுவில் வைத்தாயிற்று. சாண் ஏற்றியதில் மஞ்சளுக்கும் வானம் கிடைத்துவிட்டது.

இன்றைக்கு ஈயம் முடிந்தது. கோடு செப்பு நிறமாக வேண்டும். காப்பர் பாட்டினா என்று கேட்டால் இங்கே கிடைக்கவில்லை. நாட்டு மருந்துக் கடையில் மயில்துத்தம் வாங்கிக் கரைக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

மாடி அறை, கோவை:

செய்யலாம், காப்பர் பாட்டினாவில் இருப்பதும் மயில்துத்தம்தான். ஃப்ளக்ஸ் பிசுக்குப் போகச் சோப்பில் இன்றைக்கே கழுவிவிடுங்கள், நாள் தள்ளினால் ஈயம் மங்கி நிறம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் அடர் நீலமாக வரும் வரை கரைத்து, பழைய பிரஷ்ஷால் தேயுங்கள். நிறம் ஏறினதும் கழுவித் துடைத்து மெழுகு போடுங்கள். விஷம், கையுறை கட்டாயம். கரைத்த பாத்திரம் அதோடு சமையலறைக்குத் திரும்பக் கூடாது, பையன் தூங்கும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். மாட்டினதும் ஒரு படம் போடுங்கள், ஏழரை மணிக்கு எடுத்ததாக.